சிரவணபெளகொளா: பெரிய மலையும் சின்ன மலையும்

வாசகர் கேள்வி – பதில்

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், சன்னராயபட்டணத்தை அடுத்து இருக்கிறது சிரவணபெளகொளா என்ற சமணத் தலம். அங்கே பெரிய மலையின் உச்சியில் கோமதேஸ்வரரின் ஒற்றைக் கல் சிலை நிற்கிறது. அங்கே போவது பற்றி வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்தவற்றுக்கு இந்த முறை பதில்.

வேலூர் வாசகர்: பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி கோமதேஸ்வரரைத் தரிசித்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்கிறார்கள். சரிப்படுமா?

திரும்பிவிடலாம். ஆனால் உள்ளங்கால் கொப்புளத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப் போனவர்கள்தான். தூரம் ஏறக்குறைய 145 கி.மீ. ஆறு மணிக்குக் கிளம்பி, நெலமங்கலா தாண்டி டிபன் முடித்து, அடிவாரம் சேரும்போது பத்து மணி ஆகிவிடும். பெரிய மலையான விந்தியகிரி மரமில்லாத மொட்டைப் பாறை. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். நல்ல வெயில் நாளில் பதினொன்றுக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. ஏறும்போது எப்படியோ சமாளித்து விடுவார்கள். மேலே அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

முந்தின நாள் மாலையே போய்ச் சேர்ந்து, ஊரிலோ சன்னராயபட்டணத்திலோ தங்குவதுதான் சரி. காலை ஆறரை வாக்கில் பெரிய மலையில் ஏறத் தொடங்கி, ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். டிபன் சாப்பிட்ட கையோடு சின்ன மலையான சந்திரகிரிக்குப் போனால் பதினொன்றரைக்கு அதுவும் முடியும். உச்சி வெயில் நேரத்தை ஊருக்குள் இருக்கும் பசதிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். (சமணக் கோயிலை அங்கே பசதி என்பார்கள்.)

பஸ் என்றால் பெங்களூர் மெஜஸ்டிக்கிலிருந்து ஹாசன் போகும் வண்டியில் சன்னராயபட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கி.மீ. உள்ளூர் பஸ்ஸில் போக வேண்டும். ஏறும் முன்பே, பஸ் நிலையத்துக்குள் போகுமா, பைபாஸில் இறக்கிவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூர் – குணிகல் – ஹாசன் ரயில் பாதையில் சிரவணபெளகொளா பெயரிலேயே ஸ்டேஷன் உண்டு. நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை நம்ப வேண்டும். காரில் போகிறவர்கள் 75-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹிரிசாவெயிலேயே இடதுபக்கம் திரும்பிவிடலாம். சன்னராயபட்டணம் வரை போய்ச் சுற்ற வேண்டியதில்லை. மைசூரிலிருந்து வருகிறவர்களுக்கு கே.ஆர்.பேட்டை வழி.

திருச்சி வாசகி: அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. எத்தனை படி? சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? டோலி கிடைக்குமா?

பெரிய மலையில் ஏறக்குறைய 650 படிகள். தரையிலிருந்து உச்சி 470 அடி உயரம். படிகளைத் தனியாகக் கட்டவில்லை, பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். அதனால் உயரம் ஒன்றுபோல் இருக்காது. சில படிகள் நான்கு விரல் உயரம்தான், சிலவற்றுக்குக் காலை நன்றாகத் தூக்க வேண்டும். பல படிகளின் விளிம்பு தேய்ந்து வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. இன்னொன்று: மதில் வாசலைத் தொட்டதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று பலரும் மூச்சு விட்டுவிடுகிறார்கள். அதற்கு அப்புறமும் ஏற்றம் இருக்கிறது. ஒதெகல் பசதி, தியாகத பிரம்மதேவர் தூண், அகண்ட பாகிலு என்கிற ஒற்றைப் பாறை வாசல் எல்லாம் கடந்து இன்னொரு படிவரிசை ஏறினால்தான் சிலை இருக்கும் பிரகாரம். தெம்பு முழுவதையும் முதல் பாதியிலேயே செலவழித்துவிட வேண்டாம்.

சாக்ஸ் போடலாம், அடிவாரத்திலேயே விற்கிறார்கள். ஆனால் தடித்த பருத்தி சாக்ஸாக இருக்கட்டும். நைலான் சாக்ஸ் தேய்ந்த பாறையில் வழுக்கும், அதிலும் இறங்கும்போது. மழை பெய்து படி நனைந்திருந்தால் எந்த சாக்ஸானாலும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவதுதான் பாதுகாப்பு.

முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. உடம்பின் முழு பாரமும் மடங்கிய முட்டியில் வந்து உட்காரும். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகச் சொல்லுங்கள். நேரமாகும், ஆனால் மறுநாள் நடக்க முடியும்.

டோலி உண்டு. நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். போக, வர, மேலே காத்திருக்க என எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கீழேயே பேசிவிடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புக் கூலியில்தான். டோலி விடியற்காலையிலேயே கிடைக்குமா என்பதை முந்தின நாள் மாலையில் விசாரித்து வைப்பது நல்லது.

எதுவுமே முடியாது என்றால் சந்திரகிரி இருக்கிறது. உயரம் 200 அடிதான், ஏற்றமும் சுலபம். அங்கிருந்து பார்த்தால் எதிர்மலை உச்சியில், பிரகாரச் சுவருக்கு மேலே கோமதேஸ்வரரின் தலையும் தோளும் தெரியும். கண் நன்றாக இருந்தால் போதும், தரிசனம் ஆயிற்று.

மதுரை வாசகர்: கோமதேஸ்வரர் எத்தனையாவது தீர்த்தங்கரர்?

தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் 24 ஞானகுருமார்) வரிசையிலேயே அவர் இல்லை. முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவரின் மகன், பாகுபலி. அண்ணன் பரதனோடு நாட்டுக்காக மோதல் வந்தபோது, படைகளை மடியவிட வேண்டாம் என்று இருவர் மட்டும் பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் மூன்றிலும் மோதினார்கள். மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற இடத்திலேயே எல்லாவற்றையும் துறந்து ஓராண்டு நின்றபடியே தவம் செய்தார் என்பது கதை. காலருகே புற்றும், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் பாம்புகளும், தொடையிலும் கையிலும் சுற்றி ஏறும் மாதவிக் கொடியும் அந்த ஓராண்டைத்தான் காட்டுகின்றன.

தஞ்சாவூர் வாசகர்: சிலையின் காலடியில் தமிழ்க் கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, போனபோது தேடினேன், கிடைக்கவில்லை. உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. இன்றைய தமிழ் எழுத்தைத் தேடியிருப்பீர்கள், அதனால் கண்ணில் பட்டிருக்காது. பாதங்களின் இருபக்கமும் புற்றாகச் செதுக்கிய கல்லில் சிறிய வரிகள் உண்டு. ஒரே செய்தி மூன்று மொழிகளில்: கன்னடத்தில் ‘சாவுண்டராஜம் மாடிசிதம்’, தமிழில் ‘சாமுண்டராஜன் செய்வித்தான்’, மராத்தியில் ‘சாவுண்டராஜே கரவியலே’. தமிழ் வரி கிரந்தம், வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறைகள் இரண்டும் கலந்து வெட்டப்பட்டது. வட்டெழுத்து தெரியாதவருக்கு அது தமிழ் என்றே பிடிபடாது. வட்டெழுத்துப் பட்டியல் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போனால் ‘செய்வித்தான்’ என்பதை எழுத்துக் கூட்டிவிடலாம். பாதத்துக்கு நீர் விட்டுப் பூஜை நடக்கிற நேரத்தில் கூட்டம் மறைக்கும். அது முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பாருங்கள்.

செய்வித்தவர் சாவுண்டராயர், கங்க மன்னர் நான்காம் ராசமல்லரின் அமைச்சர், படைத்தலைவர். சிலை நிறுவியதை 981 என்று கணக்கிட்டு, ஆயிரமாவது ஆண்டை 1981-இல் கொண்டாடினார்கள். உயரம் ஏறக்குறைய 58 அடி. மலையுச்சியில் இருந்த பாறையையே செதுக்கிய ஒற்றைக் கல். தொடை வரைதான் பின்பக்கம் கல்லின் பிடிமானம், அதற்கு மேல் எந்தத் தாங்கலும் இல்லை. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். எல்லோரும் நேரே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுற்றியுள்ள பிரகாரம் பின்னால் வந்தது. போசள மன்னர் விஷ்ணுவர்த்தனரின் தளபதி கங்கராஜர் கட்டியது. அதற்கான வரிகளும் அதே காலடியில் இருக்கின்றன.

பிரகாரத்தை விட்டு வெளியே வரும்போது, எதிரே மண்டபத்தில் சிறிய மூதாட்டி உருவம் ஒன்று நிற்கும். குள்ளகாயஜ்ஜி. சாவுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றியும் அபிஷேகம் தொடையைத் தாண்டவில்லையாம். கிழவி ஒரு காயின் குடுக்கையில் கொண்டுவந்த பால் உச்சி முதல் பாதம் வரை நனைத்ததாம். கட்டியவரின் கர்வத்தைக் குத்துகிற கதையை அவர் எழுப்பிய சிலைக்கு எதிரிலேயே நிறுத்தி வைத்திருப்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

தியாகத தூணுக்கு அடியில் கைக்குட்டையை நுழைத்து இழுக்கலாம் என்று உடன்வருகிறவர்கள் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டு பழைய தூணில் அந்தச் சோதனை வேண்டாம். அடிப்பாகத்தில் இருக்கும் கொடி வேலைப்பாட்டைப் பார்த்தாலே போதும்.

கோவை வாசகர்: சிலையின் முகம் படத்தில் எப்போதும் கறுப்பாகவே விழுகிறது. என்ன செய்யலாம்?

சிலை வடக்கு நோக்கி நிற்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நடுப்பகலில் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழுந்து முகம் நிழலாகிவிடும். காலை எட்டுக்கு முன்போ, மாலை நான்கரைக்குப் பிறகோ பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். கொஞ்சம் பின்னால் போய், ஒரு பக்கமாக நகர்ந்து எடுத்தால் உதட்டோரப் புன்னகையும் விழும்.

புதுச்சேரி வாசகி: நாங்கள் சமணர்கள் அல்ல. கோயிலுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

யார் வேண்டுமானாலும் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. தோள், முழங்கால் மூடிய உடை. தோல் பெல்ட், தோல் பர்ஸ் இரண்டையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். மலைமேல் தண்ணீர் பாட்டில் தவிர தின்பண்டம் எதுவும் எடுத்துப் போக வேண்டாம்.

நம்மவர்கள் தவறுவது இரண்டு இடங்களில். அபிஷேக நீரைக் கொடுத்தால் பழக்கத்தில் கையைக் குவித்துக் குடித்துவிடுகிறார்கள். கந்தோதகம் எனப்படும் அந்த நீர் குடிக்கிற தீர்த்தம் அல்ல, விரல் நுனியால் தொட்டு நெற்றியிலும் கண்ணிலும் வைத்துக்கொள்வது. அதேபோல், படைத்த அரிசியையோ பழத்தையோ பிரசாதமாகத் திரும்பக் கேட்கக் கூடாது. சமணத்தில் படைத்ததைத் திரும்ப எடுத்து உண்பதில்லை. தட்டில் அரிசி வைத்து வணங்கினால் அதோடு முடிந்தது.

மூலவரைத் தொட வேண்டாம். கருவறைக்குள் போவது, குளித்து மடி உடுத்தி அபிஷேகம் செய்கிறவர்களுக்கு மட்டும்.

ஆடையற்ற திகம்பர முனிவர்கள் மயிற்பீலியும் கமண்டலமுமாக எதிரே வரலாம். உறுத்துப் பார்ப்பது, படம் எடுப்பது, பிள்ளைகள் சிரிப்பது, இவை மூன்றும்தான் அங்கே உள்ளவர்களை வருத்துகின்றன. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிரச்சினை வராது. ஒதுங்கி நின்று கைகூப்பி ‘நமோஸ்து’ என்றால் போதும். பெண்கள் சில முழம் தள்ளி நிற்பது வழக்கம், காலைத் தொட்டு வணங்குவதில்லை. காலையில் அவர்கள் ஆகாரத்துக்குப் போகும்போது குறுக்கே போகாதீர்கள். நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, குவித்த கைகளில் வாங்கி உண்கிறவர்கள். இடையூறு நேர்ந்தால் அன்றைக்கு உண்ணாமலே திரும்பிவிடுவார்கள். காவி உடுத்திய மடத்துத் தலைவர் பட்டாரகர். அவர் முனிவர் அல்ல, மடத்தையும் கோயில்களையும் நிர்வகிக்கும் துறவி.

சேலம் வாசகர்: சாப்பாடு, தங்குமிடம்?

யாத்ரிகர் விடுதிகள் உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள். சனி, ஞாயிறு, தொடர் விடுமுறைகளில் முன்பதிவு இல்லாமல் போனால் சன்னராயபட்டணத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். சமண போஜனசாலையில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இருக்காது. சூரியன் மறைந்தபின் பரிமாற மாட்டார்கள். இரவு ஏழுக்கு வந்து சேர்ந்து சாப்பாடு கேட்பதில் பயனில்லை. பிந்தும் என்றால் வழியிலேயே முடித்துவிடுங்கள்.

நெல்லை வாசகர்: சின்ன மலையில் பார்க்க என்ன இருக்கிறது? வண்டியோட்டுநர் ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்லித் திருப்பிவிட்டார்.

அவருக்கு நேரமாகியிருக்கும். ஊரின் வரலாறு இருப்பது சின்ன மலையில்தான். பெரிய மலைச் சிலை வருவதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். இந்த ஊரிலும் சுற்றிலும் 500-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் பதிவாகியுள்ளன. சந்திரகிரிப் பாறையில் உள்ளவற்றில் பல, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த துறவிகளின் நினைவுக் குறிப்புகள். அந்த நோன்பை இங்கே சல்லேகனை என்கிறார்கள், தமிழ்ச் சமணர் வழக்கில் வடக்கிருத்தல். தரையில் கண்ணாடியோ தடுப்போ வைத்திருக்கும் இடங்களைப் பார்த்து நடங்கள், காலுக்குக் கீழேதான் எழுத்துகள்.

மேலே ஒரே மதிலுக்குள் பசதிகள் நெருக்கமாக நிற்கும். ஒன்றுகூட விடாமல் நுழைந்தால் அலுத்துவிடும். நான்கு போதும். பார்சுவநாதர் பசதியில் 15 அடி உயர நின்ற திருவுருவமும், எதிரே மானஸ்தம்பம் என்கிற உயர்ந்த தூணும். அடுத்து சாவுண்டராயர் பசதி. வெளிச்சுவரும் விமானமும் கங்கர் காலக் கட்டடக்கலைக்கு நல்ல சான்று. மூன்றாவது, விஷ்ணுவர்த்தனரின் அரசி சாந்தலை 1123-இல் கட்டிய சவதிகந்தவாரண பசதி.

நான்காவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சந்திரகுப்த பசதி மிகச் சிறியது, இருட்டான கட்டலெ பசதியை ஒட்டி இருக்கிறது. அதன் வாசலுக்கு இருபக்கமும் துளையிட்ட கல் பலகணி. சதுரம் சதுரமாகப் பிரித்து, பத்திரபாகு முனிவர், மௌரிய மன்னர் சந்திரகுப்தர் இருவர் வாழ்க்கையிலிருந்தும் 90 காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார் தாசோஜர் என்ற சிற்பி. ஒவ்வொரு காட்சியும் உள்ளங்கைக்குள் அடங்கும். நேரே டார்ச் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் யானைகளும் பல்லக்கும் வணங்கி நிற்பவர்களும் எழுந்து வருவார்கள். பசதி பூட்டியிருந்தால் அங்குள்ள காவலாளியைக் கேளுங்கள்.

மதிலுக்கு வெளியே பத்திரபாகு குகை, பாதச் சுவடுகளோடு. குனிந்துதான் நுழைய வேண்டும், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே நீங்கள் கேட்டிருந்த இன்னொன்று: மௌரியச் சந்திரகுப்தர் உயிர்நீத்தது இங்கேதானா? சமண மரபு அப்படித்தான் சொல்கிறது. வடக்கே பெரும் பஞ்சம் வரும் என்று பத்திரபாகு சீடர்களோடு தெற்கே வந்தார், அரசைத் துறந்த சந்திரகுப்தரும் கூட வந்தார் என்பது அது. கி.பி. 600-ஐ ஒட்டிய கல்வெட்டு பத்திரபாகு பெயரையும், பிரபாசந்திரர் என்ற துறவியின் பெயரையும் சொல்கிறது. பிரபாசந்திரர்தான் சந்திரகுப்தர் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. நிகழ்ச்சிக்கும் கல்வெட்டுக்கும் இடையே 800 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதே காரணம்.

ஈரோடு வாசகர்: மலை இரண்டும் முடிந்தபின் அரை நாள் மிச்சம் இருந்தால்?

ஊருக்குள் பண்டாரி பசதி. போசள மன்னர் முதலாம் நரசிம்மரின் கருவூல அதிகாரி ஹுள்ளர் 1159-இல் கட்டியது. 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பீடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்திலேயே அக்கன பசதி, 1181. போசளர் பாணியில் கடைந்தெடுத்த தூண்கள். பிறகு மடத்தின் சுவரோவியங்கள். வண்டி இருந்தால் சந்திரகிரிக்குப் பின்னால் உள்ள ஜினநாதபுரம் போய் சாந்திநாதர் பசதியின் வெளிச்சுவரைச் சுற்றிப் பாருங்கள். பேலூர் வேலைப்பாட்டைப் பார்த்த கண்ணுக்கும் அது சலிக்காது, கூட்டமே இருக்காது.

சென்னை வாசகி: அடுத்த மகாமஸ்தகாபிஷேகம் எப்போது? முதல் முறையாக அப்போதே போகலாமா?

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது கணக்கு. கடைசியாக நடந்தது 2018 பிப்ரவரியில், அதற்கு முன் 2006-இல். அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. தேதியை மடம்தான் அறிவிக்கும். தலைக்கு மேலே சாரம் கட்டி, அதிலிருந்து நீர், இளநீர், கரும்புச் சாறு, பால், மாவு, மஞ்சள், சந்தனம், பூ என்று ஊற்றுவார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று சிலை நிறம் மாறிக்கொண்டே வருவது காணக் கிடைக்காத காட்சிதான்.

ஆனால் முதல் பயணத்துக்கு அது ஏற்ற நேரமல்ல. மாதக்கணக்கில் சாரம் சிலையின் பின்புறத்தையும் பக்கவாட்டையும் மறைத்திருக்கும், படியில் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, காலடிக் கல்வெட்டை நெருங்கவே முடியாது. ஒரு சாதாரண வார நாளில், அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் நடுவே, ஒரு முறை போய்வாருங்கள். அபிஷேகத்துக்கு இரண்டாம் முறை போகலாம்.